கழற்றிய சாமான் எங்கே, அண்ணாச்சி?

பாபநாசத்தில் தொடங்கி வண்ணார்பேட்டை வரைக்கும் தாமிரபரணி ஆற்றின் இரண்டு கரையிலும் கார் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு:

நான் திருநெல்வேலி மீனாட்சிபுரத்துக்காரன். மின்வாரிய அலுவலகத்தில் 31 வருஷம் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவன். என்னிடம் 2014 மாடல் வேகன்-ஆர் ஒன்று இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பா எது என்று தெரியும். அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் உங்களிடம் வருகிறோம். உங்களில் ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டார். அவர் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் "அவன் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

முதலில் அவர் எவ்வளவு நல்லவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் யாருக்கும் அந்த நாளை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. மலையிலும் மழை, சமவெளியிலும் மழை. அணைகளின் உபரி நீரும் காட்டாற்று நீரும் சேர்ந்து வர, குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, ஜங்ஷன் மூழ்கியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி ஆறு ஓடியது. எங்கள் தெருவில் காருக்குள் சீட் வரைக்கும் தண்ணீர். மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுச் சாமான் போனதற்கு வராத அழுகை அதற்கு வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பி.எஃப். பணத்தில் வாங்கிய வண்டி.

தண்ணீர் வடிந்ததும் அவருக்குப் போன் போட்டேன். "என்னாச்சு அண்ணாச்சி" என்றுகூடக் கேட்கவில்லை. அவருடைய முதல் கேள்வி: "சாவியைப் போட்டியளா?"

போடவில்லை. "போட்டுறாதிய. நான் வாறேன்."

அந்த ஒரு சொல்லின் மதிப்பு அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நசுங்கும், தண்ணீர் நசுங்காது. தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட் செய்தால் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராட் வளைந்துபோகும். இன்ஷூரன்ஸ்காரர்களும் வெள்ளத்தில் நனைந்ததற்குத்தான் பணம் தருவார்கள். நனைந்த வண்டியைக் கிளப்பிப் பார்த்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டால், அதற்கென்று தனியாகப் பிரீமியம் கட்டியிருக்காவிட்டால், கையை விரித்துவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே நான்கு பேர் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினார்கள். ஒருவர் அப்புறம் காரையே விற்றார்.

அப்போது அவருக்குத் தகரக் கொட்டகை. அதற்குள்ளும் வெள்ளம் புகுந்து அவருடைய கம்பிரசர் நாசமாகியிருந்தது. அந்த நிலைமையில் கயிறு கட்டி என் வண்டியை இழுத்துக்கொண்டு போனார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றினார். மூன்று துளையிலிருந்தும் செம்மண் தண்ணீர் பீய்ச்சியது. ஆயிலை இறக்கினால் டீக்கடைக் காப்பி நிறம். புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் இறக்கி, மறுபடி ஊற்றி, மறுபடி இறக்கினார். சீட்டுகள் மொட்டைமாடியில், கார்ப்பெட் மதில்சுவரில். பதினோரு நாள்.

பில் என்று எதுவும் இல்லை. டைரித்தாள் ஒன்றைக் கிழித்துப் பென்சிலால் எழுதியிருந்தார். கூடவே ஒரு சிமெண்ட் சாக்கு. "நான் களட்டுனது பூரா இதுல கெடக்கு. பாத்துக்கிடுங்க அண்ணாச்சி." எனக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கொடுத்தார். வீட்டில் வந்து சாக்கைக் கொட்டினேன். ஏர் ஃபில்டரின் மடிப்புக்குள் வண்டல், இரண்டு வேப்பிலை, ஒரு நத்தை. பேத்தி அந்த நத்தை ஓட்டைக் கழுவி டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இன்னும் இருக்கிறது.

அந்த மனிதரைப் பற்றித்தான் இனிமேல் எழுதப் போகிறேன்.

ஒன்றரை வருஷம் கழித்து முன் சக்கரப் பக்கம் 'கடகட'வென்று சத்தம். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது அதிகம். அவர் இப்போது பெரிய இடத்துக்கு மாறியிருந்தார். நான்கு லிஃப்ட், முன்னால் கண்ணாடி அறை, அதில் கம்ப்யூட்டரோடு ஒரு பெண்பிள்ளை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் ஆள் முன்னேறிவிட்டார். உள்ளேயிருந்து வந்தவர், "வாங்க சார்" என்றார்.

அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும்.

ஆறாயிரம் வரும் என்றார்கள். "நாளைக்கு எடுத்துக்கிடலாம்" என்றார்கள். உங்கள் தொழிலில் 'நாளைக்கு' என்பதன் பொருள் எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஒன்பதாவது நாள் வண்டி வந்தது. தொகை 18,350. லோயர் ஆர்ம் இரண்டு 5,200, ஷாக் அப்சார்பர் இரண்டு 6,400, மவுண்ட் 1,900, அலைன்மென்ட் 900, கன்ஸ்யூமபிள்ஸ் என்று 450, லேபர் 3,500. கணக்குக்காரன் அல்லவா, கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி. இடையில் ஒரு போன்கூட இல்லை. ஆறாயிரம் எங்கே வைத்துப் பதினெட்டாயிரம் ஆனது என்று யாரும் சொல்லவில்லை.

தாளின் தலைப்பைப் பார்த்தேன். 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. வேலை முடிந்து, பணம் வாங்கி, வண்டியும் வெளியே நிற்கிறது. இனிமேல் எதை எஸ்டிமேட் செய்வது? பில் வேண்டும் என்றேன். "ஜி.எஸ்.டி. பில்லுன்னா 18 பர்சென்ட் கூட ஆகும் சார்." அண்ணாச்சிமாரே, இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் சொல்லாத கடை ஏதாவது இருக்கிறதா? சிறு கடைகளை விட்டுவிடுகிறேன். வருமானம் வரம்புக்குள் இருந்தால் அவர்களுக்குப் பதிவே தேவையில்லை. நான்கு லிஃப்ட் வைத்திருப்பவர் சொல்லக் கூடாது.

கடைசியாகத்தான் பழைய ஞாபகத்தில் கேட்டேன்: "கழற்றின சாமான்?"

"அது பழைய இரும்புன்னு ஆக்கர் கடைக்குப் போயிருச்சு சார்."

மறுநாள் பேத்தியோடு பாபநாசம் கிளம்பினேன். பத்தமடை தாண்டவில்லை, அதே கடகட. சேரன்மகாதேவியில் இன்னும் கூடியது. வீரவநல்லூரில் ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் ஷெட். வயசாளி ஒருவர், ஒரு பையன். வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டுப் பெரியவர் அடியில் போய்ப் படுத்தார். ஒரு கடப்பாரையை எங்கோ கொடுத்து நெம்பினார். "வாங்க, குனிஞ்சு பாருங்க" என்றார். ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது. மொத்தச் சத்தமும் அதுதான். இரண்டு புஷ்ஷும் கூலியும் சேர்த்து 650 ரூபாய்.

பையன் புஷ் வாங்கப் போன நேரத்தில் நான் அந்த 'எஸ்டிமேட்'டை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடி அடியில் போனார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லோயர் ஆர்மின் மடிப்புக்குள் சுரண்டி, உள்ளங்கையில் எதையோ வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

காய்ந்த வண்டல். மேலே புதுக் கறுப்புப் பெயிண்ட், உள்ளே 2023-ஆம் வருஷத்து ஆறு.

"ஷாக் அப்சார்பர் புதுசுதான்" என்றார். தொழில்காரனுக்குத் தொழில்காரனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ஆனா பழசுக்கு என்ன கேடுன்னு பாத்தவந்தான் சொல்லணும்." கிழிந்த புஷ் இரண்டையும் தினத்தந்தியில் பொதிந்து டேஷ்போர்டில் வைத்தார். நான் கேட்கவே இல்லை.

திரும்பி வந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்தேன். பையன் தப்பாக எழுதிவிட்டான், கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, ஸ்டாக்கில் குழப்பம் என்று ஆறு தடவை 'சார்' போட்டுப் பேசினார். உள்ளங்கையை விரித்து வண்டலைக் காட்டினேன். அவருக்கு அது என்னவென்று தெரியாதா? எங்கெங்கே அது ஒளிந்திருக்கும் என்று பதினோரு நாள் தேடித் தேடிக் கழுவியவர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேசினார். வாடகை, பையன்கள் சம்பளம், ஸ்கேனர் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை. "ஒரு வண்டிக்கு இவ்வளவு நிக்கலேன்னா ஷட்டரை இறக்க வேண்டியதுதான் அண்ணாச்சி."

'சார்' போய் 'அண்ணாச்சி' திரும்பி வந்தது அப்போதுதான்.

லோயர் ஆர்ம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மீதியை நான் கேட்கவில்லை. வக்கீல் நண்பர் ஒருவர் என்னைத் திட்டினார். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறதாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 1915-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் அவரைக் கூண்டில் நிறுத்தி வண்டலைக் காட்டினால் நத்தை ஓட்டையும் சேர்த்துத்தானே காட்ட வேண்டும்? எனக்கு அது முடியவில்லை. மற்றவர்கள் என்னைப் போல விடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் சொன்ன சமாதானத்தில் பாதி நிஜம். பைக்கிலிருந்து கார் வரைக்கும் எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டி ஆகிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் கார்புரேட்டர் தெரிந்த கைகள் ஓரம்போயின. பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்து வரும் பையன்கள் உங்களிடம் ஆறு மாதம் ஸ்பேனர் பிடித்துவிட்டு ஒரகடத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். இதற்கு மேல் கம்பெனிகள் உங்களுக்குச் செய்தது தனிக் கதை. அசல் உதிரி பாகத்தையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும் வெளி ஒர்க் ஷாப்புக்குக் கிடைக்காமல் செய்து, எல்லா வண்டியும் தங்கள் சர்வீஸ் சென்டருக்கே வரும்படி வைத்திருந்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது தீர்ப்பு எழுதியது. அபராதம் 2,500 கோடிக்கு மேல். அதற்கப்புறம் அப்பீல், கோர்ட் என்று போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு தளம் திறந்து, கார் கம்பெனிகளையும் அதில் சேர்த்தது. அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம். கம்பெனிக்காரன் பெட்டியைப் பூட்டிவைத்து உங்களிடம் காட்ட மாட்டேன் என்றான், உங்களுக்கு எரிந்தது. எனக்கும் அதே எரிச்சல்தான், உங்கள் ஷெட்டின் வாசலில் நிற்கும்போது.

ஷட்டர், வாடகை, 'ஒரு வண்டிக்கு இவ்வளவு' என்ற கணக்கு நம் ஊர் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் சியர்ஸ் என்று மிகப் பெரிய கடைக்கம்பெனி இருந்தது. அதற்கு ஊரூராகக் கார் ஒர்க் ஷாப்பும் இருந்தது. 1992-இல் வெளியே வந்த கதை: கலிபோர்னியா மாநில அதிகாரிகள், சாதாரண ஆட்களைப் போல, பிரேக் மட்டும் தேய்ந்த வண்டிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். தேவையே இல்லாத சாமானெல்லாம் மாற்றிப் பில் வந்தது. ஏன் என்று தோண்டினால், இத்தனை ஷாக் அப்சார்பர், இத்தனை ஸ்பிரிங் விற்றாக வேண்டும் என்று வேலையாட்களுக்கு இலக்கு வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டைக் கம்பெனி கைவிட வேண்டியதாயிற்று. அதே மாநிலத்தில் 1971-லேயே ஒரு சட்டம்: முதலிலேயே செலவை எழுதிக் கொடுக்க வேண்டும், கூடினால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், வண்டிக்காரன் கேட்டால் கழற்றிய சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிமெண்ட் சாக்குக்கு அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. கூலி வராத வரைக்கும் வேலை பார்த்த வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்று அதன் 170-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது, நியாயமான உரிமை. 151-ஆம் பிரிவு, உங்களை நம்பி ஒப்படைத்த பொருளை, விவரமுள்ள ஆள் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொல்கிறது. உங்கள் சொந்த வண்டிக்கு நீங்கள் லோயர் ஆர்முக்குப் பெயிண்ட் அடிப்பீர்களா?

இந்த ஜில்லாவுக்கு இந்தத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார்தான் மதுரைக்குப் போய் டி.வி.எஸ்.ஸை உண்டாக்கினார். அவருடைய பஸ் போவதைப் பார்த்து மணியைத் திருத்திக்கொள்வார்கள் என்று என் தாத்தா சொல்லுவார். டயர் பஞ்சராகாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை விட்டு ரோட்டில் கிடக்கும் லாட ஆணியைப் பொறுக்கவைத்தார் என்றும் சொல்வார்கள். தாத்தா அந்தப் பஸ்ஸைப் பார்த்தாரா, கதைதான் கேட்டாரா, தெரியாது. பஸ் சரியாக ஓடியது என்பதை ஊர் இரண்டு தலைமுறை கதையாகச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு விஷயம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்துவிட்டார்கள். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரம். அந்த வண்டிகள் உங்கள் ஷெட்டுக்கு வரும் காலத்தில் பிளக் கிடையாது, இன்ஜின் ஆயில் கிடையாது, கிளட்ச் கிடையாது. பாதி வேலை திரையில் தெரியும் எழுத்தாக இருக்கும். இன்றைக்குக் கிழிந்த புஷ்ஷையாவது என் போன்றவன் விரலால் தொட்டுப் பார்க்க முடிகிறது. அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வரும் சொல் மட்டும்தான். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஆறாயிரம் பதினெட்டாயிரம் ஆகப் போகிறது என்றால், ஆகும் முன்னால் ஒரு போன். தலைப்பில் 'பில்' என்று எழுதிய ஒரு தாள். டைரித்தாளாக இருந்தாலும் சரி, பென்சிலாக இருந்தாலும் சரி. லேபர் கூடப் போடுங்கள், மறுக்க மாட்டேன். மூன்று மணி நேரம் வண்டிக்கடியில் மல்லாந்து கிடப்பதற்கு 3,500 என்றால் அது நியாயமான கூலி. சாமானில் ஒளித்துவைத்து எடுக்காமல், கூலி என்றே எழுதி நிமிர்ந்து வாங்குங்கள். அப்புறம் அந்தக் கழற்றிய சாமான். எனக்கு அதில் ஒன்றும் புரியாது. புரியாதவனிடம் கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று நினைக்காதீர்கள். வெள்ளத்துக்கு அப்புறம் ஒருவர் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

வீரவநல்லூர்ப் பெரியவரிடம் கிளம்பும்போது ஒன்று கேட்டேன்: வண்டியை இனிமேல் உங்களிடமே கொண்டுவரட்டுமா? "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது அய்யா. அந்த இன்ஜின் விளக்கு எரிஞ்சுதுன்னா டவுனுக்குத்தான் போகணும்" என்றார். முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதில் இரண்டாயிரம் ஓடிவிட்டது. யாரிடம் விடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மடித்த சிமெண்ட் சாக்கு ஒன்று டிக்கியில் கிடக்கிறது. வண்டியை யாரிடம் விட்டாலும் சாவியோடு சேர்த்து அதையும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
மீனாட்சிபுரத்திலிருந்து
வேகன்-ஆர்காரன்